கலியமூர்த்தியின் எட்டு நிமிடம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

போன மாதம் உங்களில் ஒருவர் தான் எழுதிய அறிக்கை ஒன்றை என்னிடம் காட்டினார். ஒரு சூளைச் சரக்கு வீணாகியிருக்கிறது. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது, எவ்வளவு போயிற்று என்று கட்டம் போட்டு அழகாக எழுதியிருந்தார். 'காரணம்' என்ற கட்டத்தில் மட்டும் இரண்டே சொல்: 'ஆளின் கவனக்குறைவு'. "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தத் தம்பி மேல் கோபமா என்றால், கொஞ்சம் உண்டு. மிச்சக் கோபம் யார் மேல் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

நான் பள்ளிப் படிப்போடு நின்றவன். அறுபதுகளின் நடுவில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் ஒயர்மேனுக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். கெட்டுப்போன மீட்டரைத் திறந்து பார்ப்பதில் ஒரு பைத்தியம். திறந்து, கெடுத்து, மறுபடி சரிசெய்து, நாலைந்து வருஷத்தில் அங்கே இருந்த அத்தனை அளவுக் கருவியும் என் பொறுப்புக்கு வந்துவிட்டது. எல்லாரும் என்னை 'மீட்டரு' என்றே கூப்பிடுவார்கள். படிப்பு இல்லாததாலோ என்னவோ, யார் என்ன சொன்னாலும் அதை முடிந்துவைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. பேக்கிங்கில் ஓர் அம்மா இருந்தார். கிண்ணத்தை விரலால் சுண்டிப் பார்த்து, "இது பேசுது, அனுப்பு. இது மொனவுது, தள்ளி வை" என்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசலை எந்தக் கருவியும் அதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை. ஆனால் பேச்சை ரசிப்பது வேறு, கேட்டுக்கொள்வது வேறு. எனக்கு அந்த வித்தியாசம் தெரிய ஒரு மனுஷனுடைய வேலை போக வேண்டியிருந்தது.

வேலையில் இருந்துகொண்டே தனியாகப் படித்துப் பல்கலைக்கழகப் பரீட்சை எழுதலாம் என்று அப்போது ஓர் ஏற்பாடு இருந்தது. முதலில் டிப்ளமா, பிறகு பட்டம். பஸ்ஸிலும், சாப்பாட்டு நேரத்திலும், விடியற்காலையிலும் படித்து ஒவ்வொரு பேப்பராகத் தாண்டினேன். தாண்டாமல் நின்றது ஒன்றே ஒன்று: பின்னூட்டக் கட்டுப்பாடு. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ். இரண்டு தடவை தோற்றேன். சமன்பாடுகளை மனப்பாடம் செய்வேன். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் விழித்துக்கொண்டு நிற்பேன். மூன்றாவது தடவைதான் கடைசி. பழைய பாடத்திட்டம் அதோடு முடிகிறது, இதிலும் போனால் முதலிலிருந்து எல்லாப் பேப்பரையும் எழுது என்று கடிதம் வந்துவிட்டது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது, இரண்டு பிள்ளைகள்.

எங்களுடையது எண்ணெயில் எரியும் சூளை. மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர்களை உள்ளே அடுக்கி, வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுத் தீ மூட்டுவார்கள். சூடு உச்சத்துக்குப் போனதும் அதை ஏறாமல் இறங்காமல் பல மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும். அதில்தான் சரக்கின் உயிர் இருக்கிறது. சூடு குறைந்தால் எண்ணெயை ஒரு திருகு திறக்க வேண்டும், கூடினால் ஒரு திருகு மூட வேண்டும். உள்ளே இருக்கும் சூட்டை ஒரு முள் காட்டும். அந்த முள் போகிற போக்கை ஒரு பேனா காகிதச் சுருளில் கோடாக இழுத்துக்கொண்டே வரும். சார்ட் என்போம். அதை மாற்றுவதும், பழைய சுருள்களை பீரோவில் பூட்டி வைப்பதும் என் வேலை.

வால்வைத் திருப்பும் வேலை ஃபயர்மேனுடையது. மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் கலியமூர்த்தி. பெண்ணாடம் பக்கத்துக்காரன், என்னைவிட இரண்டு வயது இளையவன், ஏழு வருஷமாக அந்தச் சூளையோடு குடித்தனம் பண்ணுகிறவன். மூன்று பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. வால்வை ஒரு திருகு திருப்புவார்கள். உடனே அதை விட்டுவிட்டுச் சுற்றுச்சுவர் ஓரத்துக் கொடுக்காப்புளி மரத்தடிக்குப் போவார்கள். ஒரு பீடி. முடித்து, வாய் கொப்பளித்து, மெதுவாக நடந்து வருவார்கள். வந்த பிறகுதான் முள்ளைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் சார்ட் பலகை ஓரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். கலியமூர்த்தி வந்து குனிந்து பார்த்தான்.

"என்னாண்ணே படிக்கிற?"

"சூளைய எப்பிடிக் கட்டுப்பாட்டுல வெக்கிறதுன்னு."

"அதுக்கு இம்மாம் மொத்தத்துல புக்கா? எழுதுனவன் சூளையப் பாத்திருக்க மாட்டான். பாத்திருந்தா இதுல பாதிதான் எழுதியிருப்பான்."

"ஒனக்குத் தெரிஞ்சத நீ சொல்லு பாக்கலாம்."

"எனக்கு என்னா தெரியும்? இந்தச் சூளைக்குக் காது மந்தம்ண்ணே. நாம ஒண்ணு சொன்னா அதுக்குப் போயி சேர ஒரு பீடி நேரம் ஆவும். அதுக்குள்ள கேக்கலியேன்னு இன்னொரு வாட்டி சொன்னம்னு வையி, ரெண்டயும் சேத்துக் கேட்டுட்டு ஆட ஆரமிச்சிடும். அப்பறம் எவன் சொன்னாலும் நிக்காது."

நல்ல பேச்சு என்று சிரித்தேன். நோட்டின் பின் அட்டையில் எழுதிக்கூட வைத்துக்கொண்டேன். "போய்யா, போயி வால்வப் பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி சமன்பாட்டில் குனிந்தேன். அன்றைக்கு நான் குனிந்திருந்த பாடம் எது தெரியுமா? ஒரு மாற்றத்தைச் செய்த பிறகு அதன் பலன் தெரிய நேரம் பிடித்தால் என்ன ஆகும் என்ற பாடம். ஆள் வந்து காதோரம் நின்று சொல்லிவிட்டுப் போகிறான். எனக்குப் புத்தகம் சொன்னால்தான் அது படிப்பு.

அந்தச் சமயத்தில் புது மேனேஜர் வந்தார். நூல் மில்லிலிருந்து வந்தவர். அங்கே ஆள் நகர்ந்தால் நூல் அறும், மெஷின் நிற்கும். அந்தக் கண்ணோடு எங்கள் சூளையைப் பார்த்தவருக்கு, எண்ணெய் எரிந்துகொண்டிருக்க ஃபயர்மேன் மரத்தடியில் பீடி குடிப்பது பெரிய அக்கிரமமாகப் பட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதான் மீட்டர் பாக்கறவரா? டிகிரிக்குப் படிக்கிறீங்களாமே? நல்லது. ஒரு வேலை செய்யுங்க. ஃபயர்மேன் வால்வை விட்டுட்டு ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிஷம் வெளியே இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்."

படிக்கிறவன் என்று ஒரு மேனேஜர் வாயால் சொன்னது எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மூன்று நாள் ஒளிந்து நின்று அளந்தேன். ஒரு தடவைக்கு எட்டு நிமிடம். இன்னொரு தடவையும் எட்டு. ஏழரை. எட்டு. மூன்று ஆள், மூன்று ஷிப்ட், யார் போனாலும் எட்டை ஒட்டித்தான். அதைப் பட்டியல் போட்டு, மேலே 'ஃபயர்மேன் வேலையிடத்தில் இல்லாத நேரம்' என்று தலைப்பும் எழுதிக் கொடுத்தேன்.

சோம்பேறி எவனாவது எட்டு எட்டு நிமிடமாக அளந்து சோம்பேறித்தனம் பண்ணுவானா? ஒருநாள் ஐந்து, ஒருநாள் இருபது என்று இருந்தால் அது சோம்பல். மூன்று பேரும் ஒரே அளவில் நிற்கிறார்கள் என்றால் அவர்களை ஏதோ ஒன்று நிறுத்துகிறது என்று அர்த்தம். அது என்ன என்று ஒரு கேள்வி எனக்கு வரவில்லை. உங்களிடம் நாளைக்கு யாராவது ஓர் எண்ணைக் கேட்பார்கள். அளந்து கொடுப்பதற்கு முன்னால், அந்த எண்ணுக்குச் சொந்தக்காரன் யாரோ அவனிடம் ஒரு தடவை போய் நில்லுங்கள். நான் நின்றது மறைவில்.

மறுவாரமே நோட்டீஸ் ஒட்டினார்கள். தொழிற்சாலைக்குள் பீடி கூடாது, ஃபயர்மேன் வால்வை விட்டு நகரக் கூடாது. எண்ணெய் இருக்கிற இடத்தில் பீடி கூடாது என்பதில் தப்பே இல்லை, அதை நானும் சொல்வேன். இரண்டாவதாக எழுதியதுதான் வினை. மற்ற இரண்டு ஃபயர்மேன்களும் நோட்டீஸைப் பார்த்து முனகிக்கொண்டு வால்வோரம் உட்கார்ந்தார்கள். கை பக்கத்தில் வால்வு இருந்தால் கை சும்மா இருக்குமா? சார்ட்டில் கோடு மெல்ல அலைய ஆரம்பித்தது. கலியமூர்த்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டு நிற்பான். அவன் ஷிப்டில் கோடு நேராகவே ஓடியது.

அப்புறம் அந்த நாள் வந்தது. காலை ஷிப்ட். பெரிய ஆர்டர், சூடு உச்சத்தில் நிற்கிறது. மேனேஜர் சூளைக்கு வந்தார். முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. கலியமூர்த்தி ஒரு திருகு திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். நான் சார்ட் பலகை ஓரம்தான் நின்றிருந்தேன்.

"முள் இன்னும் எறங்குது. நீ என்ன வேடிக்கை பாக்கறியா?"

"இப்பதான் தெறந்தங்க. கொஞ்சம் பொறுங்க, ஏறும்."

"எப்ப ஏறும்? சரக்கு போன பிறகா? தெற!"

"சாமி, வாணாங்க. சொன்னா கேளுங்க."

"எனக்கே சொல்றியா? தெறடா!"

திறந்தான். முள் அசையவில்லை. மறுபடி திறக்கச் சொன்னார், திறந்தான். கொஞ்ச நேரம் கழித்து மூன்று திருகும் ஒன்றாக வேலையைக் காட்டின. முள் விறுவிறுவென்று ஏறியது. "மூடு, மூடு" என்று அவர் கத்த, இவன் மூட, முள் அதையும் கேட்காமல் ஏறிவிட்டுப் பிறகு தடாலென்று கீழே வந்தது. மறுபடி "தெற". ஷிப்ட் முடிவதற்குள் சார்ட்டில் மலையும் பள்ளமுமாக ஒரு படம் விழுந்திருந்தது. கலியமூர்த்தி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பேனாவுக்கு மை இருக்கிறதா என்று பார்த்தேன். மை நிறையவே இருந்தது.

சூளை ஆறித் திறந்தபோது பாதிக்கு மேல் சரக்கு வளைந்து, மெருகெல்லாம் கொப்புளித்துக் கிடந்தது. இரண்டாம் நாள் கலியமூர்த்திக்குக் குற்றப்பத்திரிகை வந்தது. 'வால்வைப் பொறுப்பின்றி மாறி மாறித் திருப்பியதால்' என்று எழுதியிருந்தது. யார் திருப்பச் சொன்னது என்பதற்கு அதில் இடமே இல்லை. அன்றைய சார்ட்டை மேனேஜர் வாங்கிக்கொண்டார். பழையவை என் பீரோவில் இருந்தன.

இந்தக் களேபரத்துக்கு நடுவில் எனக்குப் பரீட்சைக்கு நாலு நாள் இருந்தது. புத்தகத்தில் அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தேன். டெட் டைம் என்று போட்டிருந்தது. நீ செய்ததன் பலன் தெரியும் முன்பே மறுபடி கை வைத்தால் கட்டுப்பாடு ஊசலாடும் என்று இரண்டு பக்கக் கணக்கோடு விளக்கியிருந்தார்கள். உதாரணத்துக்கு இருக்கட்டும் என்று பீரோவைத் திறந்து, நோட்டீஸுக்கு முந்தைய சார்ட் ஒன்றை எடுத்தேன். வால்வு திருப்பிய நேரம் ஷிப்ட் நோட்டில் இருக்கும். அதற்கும் சார்ட்டில் கோடு வளையத் தொடங்கும் இடத்துக்கும் நடுவே அடிக்கோல் வைத்து அளந்தேன்.

எட்டு நிமிடம்.

இன்னொன்று பார்த்தேன். எட்டு. நான் ஒளிந்து நின்று அளந்தது இதைத்தான். தீ செங்கல்லுக்குள்ளும் சரக்குக்குள்ளும் ஊறி முள்ளுக்குச் சேதி சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம். அதைச் சூளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தவனை, வேலையிடத்தில் இல்லாதவன் என்று தலைப்புப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, உண்மையாகவே வந்தது. இரண்டு தடவை என்னைத் தோற்கடித்த பாடம் ஒரே நிமிடத்தில் தலைக்குள் இறங்கிவிட்ட சந்தோஷம். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையைக்கூட உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் கலியமூர்த்தி என் அறைக்கு வந்தான். சஸ்பென்ஷனில் இருந்தவன், வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே வந்திருந்தான்.

"அண்ணே, வியாழக்கெழம பத்து மணிக்கு என்கொயரி. அவரு சொல்லித்தான திருப்புனன், நீ பாத்த இல்ல? வந்து ஒரு வார்த்த சொல்லிடு."

"வியாழக்கெழமதான்யா எனக்குப் பரீட்சை."

"அன்னிக்கேவா? கடைசி வாட்டின்னு சொன்ன இல்ல அது?"

"ஆமா."

"அப்ப போயி எழுதுண்ணே. நீயாச்சும் மேல போ. நான் சொல்லிக்கிறன். பழைய சார்ட்ட எடுத்துப் பாருங்க, நான் எப்பிடி ஓட்டுனன்னு தெரியும்னு கேக்கறன். அதுல தெரிஞ்சிடும்ல?"

"தெரியும்" என்றேன்.

அவன் போன பிறகு எனக்கு ஒன்றரை நாள் இருந்தது. பரீட்சையா சாட்சியா என்று தவித்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை. அரைப் பக்கம் எழுதி, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். 'மேனேஜர் சொல்லித் திருப்பியதைப் பார்த்தேன். நான் கொடுத்த எட்டு நிமிடக் கணக்குக்கு நான் போட்ட தலைப்பு தவறு.' இரண்டே வரி. பீரோ சாவியையாவது கொடுத்திருக்கலாம். ஆனால் லீவு எழுதப் போனபோது மேனேஜர், "நல்லா எழுதிட்டு வாங்க, சூப்பர்வைசர் வேலைக்கு உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்த மேசையில் அரைப் பக்கத்தை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, புதன்கிழமை மதியம் பஸ் ஏறினேன். சாவியை மறந்து எடுத்துப் போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். நான் மறக்கவில்லை.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. கட்டுப்பாட்டில் தாமதம் இருந்தால் என்ன ஆகும், தொழிற்சாலை உதாரணம் ஒன்றோடு விளக்குக என்று. நாலு பக்கம் எழுதினேன். என் வாழ்க்கையில் அப்படி எழுதியதில்லை. நேராக ஓடும் கோடு ஒன்று, மலையும் பள்ளமுமான கோடு ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தேன். அனுபவமுள்ள ஃபயர்மேன் எட்டு நிமிடம் காத்திருப்பது ஏன் சரி, காத்திருக்க விடாமல் திருப்பச் சொல்வது ஏன் தவறு என்று கணக்குப் போட்டு நிரூபித்தேன். படம் வரையக் குனியும்போதெல்லாம் சட்டைப்பையில் இருந்த சாவி மேசை விளிம்பில் இடித்தது. மணி பத்தரை இருக்கும்.

என்கொயரி நடந்ததை டைம் ஆபீஸ் கிளார்க் எனக்குச் சொன்னார். "பாவம்யா, ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். பழைய சார்ட்டப் பாருங்க சாமின்னு. மீட்டர் ஆளு லீவு, பீரோ பூட்டியிருக்குன்னு எழுதிக்கிட்டாங்க. அரைமணி நேரங்கூட ஆவல." வேலை போயிற்று. நான் திரும்பி வந்து பீரோவைத் திறந்தேன், புதுச் சுருளை மாட்டினேன். இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை.

ரிசல்ட் வந்தது. பாஸ். அன்றைக்குத்தான் எனக்குக் கலியமூர்த்தியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. லட்டு வாங்கிக்கொண்டு பெண்ணாடம் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. கேட்காமலே அது கிடைத்துவிடாதா என்று போனேன். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தான். கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடு. என்னைப் பார்த்ததும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"பாஸாண்ணே?"

"பாஸ்யா."

"அஞ்சல! அண்ணன் பாஸாயிட்டாரு, வூட்டுக்குப் போயி டீ போடு!" என்று வரப்பிலிருந்த மனைவியைப் பார்த்துக் கத்தினான். என்னைவிட அவனுக்குத்தான் சந்தோஷம் அதிகம். அது என்னை வெட்டியது போல் வேறு எதுவும் வெட்டவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்ததும், "என்னா கேட்டான் பரீட்சையில?" என்றான்.

சொன்னேன். அவனைத்தான் எழுதினேன் என்று சொன்னேன். காது மந்தம் என்று அவன் சொன்னதைத்தான் கணக்காக மாற்றி எழுதினேன் என்றும் சொன்னேன்.

"என் பேரப் போட்டியா?"

"பேரெல்லாம் போடக்கூடாது. அனுபவமுள்ள ஃபயர்மேன்னு போட்டேன்."

"அட" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "திருத்துன வாத்தியாரு ஒத்துக்கிட்டாரா? நான் செஞ்சது சரின்னு?"

"ஒத்துக்காம எப்பிடிப் பாஸ் போடுவாரு?"

"அப்ப ஒண்ணு செய்யிண்ணே. அந்த வாத்தியாருகிட்ட ஒரு லெட்டர் வாங்கியா. பெரிய படிப்புப் படிச்சவரு, அவரு எழுதுனா மேனேஜரு கேப்பாரு. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

கேலி இல்லை. உண்மையாகவே நம்பிக் கேட்டான். திருத்தியவர் யார் என்று எனக்கே தெரியாது, அவருக்கும் நான் வெறும் நம்பர்தான், அப்படிக் கேட்க முடியாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். டீ டம்ளரை என் முன்னால் வைத்த அஞ்சலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"திருத்துனவரு எதுக்குங்க? எழுதுனவரு இங்கதான ஒக்காந்திருக்காரு."

லட்டுப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

மறுநாள் அரைப் பக்கம் எழுதினேன். பழைய சார்ட் நாலையும் சுருட்டி எடுத்துக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் நின்றேன். அவர் நிதானமாகப் படித்தார். சுருள்களைப் பிரித்துப் பார்த்தார். புத்திசாலி, ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டார்.

"இது அன்னிக்கே வந்திருக்கணும். என்கொயரி முடிஞ்சுபோச்சு, இனி தெறக்க முடியாது" என்றார். "ஆனா பாயிண்ட் நல்ல பாயிண்ட்."

கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன். அங்கேயே நின்று கத்தியிருக்கலாம். யூனியனிடம் போயிருக்கலாம். நான் கேட்டது, "வேற ஒண்ணும் பண்ண முடியாதுங்களா சார்?" என்பது மட்டும்தான். சூப்பர்வைசர் ஆர்டர் அதே மாதம் என் கைக்கு வந்தது. கலியமூர்த்தி கரும்பு வெட்டினான், பிறகு லாரியில் லோடு ஏற்றினான், அந்தச் சூளைப் பக்கம் அவன் மறுபடி வரவில்லை.

ஆர்டர் வந்த மறுவாரம் சூளைக்குப் புதிதாக ஒரு சுவர்க் கடிகாரம் வந்தது. அதன் கீழே மாட்டத் தகரத்தில் ஒரு போர்டு: 'வால்வைத் திருப்பிய பின் எட்டு நிமிடம் காத்திருக்கவும். இப்படிக்கு, மேனேஜர்.' அதற்குப் பிறகு சார்ட்டில் கோடு நேராக ஓடியது. வருகிறவர்களிடமெல்லாம் மேனேஜர் அதைக் காட்டுவார்.

போர்டை உயரத்தில் பிடித்துக்கொண்டு, அதற்கு ஆணி அடித்தவன் நான்தான்.